கல்லு மாதிரி

"அந்த அனிபாலுக்கு என்னடி அவ்வளவு கர்வம்?" என்றாள் நெலிடா.

புவெனஸ் அயர்ஸின் ஞாயிறு மாலை டேங்கோ நடன அரங்கு. இந்தப் பக்கம் பெண்கள், எதிர்ப்பக்கம் ஆண்கள். ஆட வரச்சொல்லி யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஆண் அங்கிருந்தே தலையசைப்பார். பெண்ணும் அசைத்தால் சம்மதம்.

"வாரா வாரம் என் பக்கமே திரும்பி உக்கார்றார். தலை மட்டும் அசைய மாட்டேங்குது."

"நேராப் போய்க் கேட்டுடேன்," என்றாள் தோழி மிர்த்தா, வேறொருவரைப் பார்த்தபடியே.

"மானம் போயிடும்."

ஆனால் ஆட்டம் முடிந்து, பேருந்து நிறுத்தத்தில் அனிபாலே பக்கத்தில் வந்து நின்றபோது, நெலிடாவால் அடக்க முடியவில்லை.

"என்னை ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல?"

"நல்லாருக்கே! தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்துவலியே வந்துடுச்சு. நீங்கதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க."

பேருந்து வந்தது. எண்ணைப் படிக்க நெலிடா கைப்பையைத் துழாவி, சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அழகு கெட்டுவிடும் என்று அரங்குக்குள் அதை அவள் வெளியே எடுப்பதே இல்லை.

அனிபால் அந்தக் கண்ணாடியையே பார்த்தார். பிறகு நாலடி தள்ளிப்போய் நின்று, மெதுவாகத் தலையசைத்தார்.

நெலிடாவும் அசைத்தாள்.

பேருந்து இருவரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது.