இரண்டாவது சாட்சி

"அது ஆந்தை இல்லை. பனி. எழுதாதே."

ஐமோ சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எங்கள் பறவை பார்க்கும் சங்கத்தில் ஒரு விதி உண்டு. எந்தப் பறவையானாலும் குறைந்தது இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. விதியைப் போட்டவர் ஐமோ. சரிபார்ப்பவரும் அவர்தான். சொந்த மனைவி பார்த்த மரங்கொத்தியையே தள்ளுபடி செய்த மனுஷர்.

சைலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குளிரால் அல்ல.

"நல்லாப் பார்த்தேன் ஐமோ. பெரிய சாம்பல் ஆந்தை. தலையைத் திருப்பி நம்மளையே பார்த்துச்சு."

"நானும்தான் பார்த்தேன். வெள்ளையா இருந்துச்சு. பனி."

"பனி பறந்து போகுமா?"

"விழும். கிளையிலேருந்து பனி விழுந்து நீ பார்த்ததே இல்லையா?"

காட்டு ஓரத்தில் நின்றது அவர்கள் இருவர் மட்டும்தான். மற்ற நாங்கள் எல்லாம் தள்ளி நெருப்பைச் சுற்றி நின்று சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம். காப்பிக் கோப்பையோடு ஓடி வந்து பார்த்தபோது மர உச்சி காலியாக இருந்தது.

சைலா தாம்பெரே நகர ஆஸ்பத்திரியில் நர்ஸ். சங்கத்துக்குப் புதுசு. கிடைத்த குளிர்கால விடுமுறை முழுவதையும் வடக்கே கூசமோ காட்டுக்கு வந்த இந்தப் பயணத்துக்கே கொடுத்திருந்தாள், அந்த ஒரு ஆந்தைக்காக. இன்று கடைசி நாள்.

ஆந்தை போனதுகூடப் பெரிதில்லை. எங்கள் கூட்டத்தில் திருடனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், பார்க்காததைப் பார்த்தேன் என்பவரை மன்னிக்கவே மாட்டார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் போச்சு. அப்புறம் அவள் கரடியைக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பட்டியல் எழுதும் கௌகோ அதற்குள் ஆரம்பித்துவிட்டார். சாஸேஜில் கடுகு தடவிக்கொண்டே, "புதுசா வர்றவங்களுக்கு முதல் வருஷம் எல்லாமே ஆந்தைதான். மூணாவது வருஷம்தான் பனி பனியாத் தெரியும்," என்றார்.

சிலர் சிரித்தார்கள்.

சைலா திரும்பி நடந்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஐமோ மேல் கோபம் கோபமாக வந்தது. இந்தக் குளிர்காலம் அவருக்கே அந்த ஆந்தை கிடைக்கவில்லை. பொறாமை, வேறென்ன?

வெளிச்சம் மங்குவதற்குள் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார் ஐமோ.

பஸ் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

"வலப்பக்கம் பாருங்க. வயல் நடுவுல. பெரிய சாம்பல் ஆந்தை. ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

எல்லோரும் பார்த்தோம். வயல் நடுவில் ஒரு மரக்கட்டை நின்றது. அதன் தலையில் பனி. அவ்வளவுதான். தூரம்கூட அதிகமில்லை.

பேசாமல் இருப்பது எங்கள் நாட்டுக்காரர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் பஸ்ஸில் அப்போது இருந்த மௌனம் வேறு ரகம்.

"என்ன, யாருக்குமே தெரியலையா?" பைனாகுலரை இறக்காமலே கேட்டார் ஐமோ. "ரெண்டாவது ஆள் வேணும். விதி விதிதான்."

கௌகோ வாயைத் திறந்தார். இன்றோடு ஐமோவின் மானம் கப்பலேறியது என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியுது," என்றாள் சைலா.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஆந்தைதான். ஐமோ ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேர் ஆச்சு. எழுதிக்கோங்க கௌகோ."

"எழுதுப்பா," என்றார் ஐமோ. "அவ பேரையும் சரியா எழுது."

கௌகோ எழுதினார். வேறு வழி?

விடுதி வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறும்போது சைலாவிடம் மெல்லக் கேட்டேன்.

"அது வெறும் கட்டைம்மா. உனக்குத் தெரியலையா?"

"தெரியும். அவருக்குத் தெரியலையே. பாவம், கண்ணு போயிட்டிருக்கு. ஆஸ்பத்திரியில நான் பார்க்காததா? யாரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. காலையில அவர் வேணும்னு சொல்லலை. இப்ப எனக்குக் கோபமே இல்லை."



அன்று ராத்திரி சவுனாவில், அதாவது விடுதியின் நீராவிக் குளியல் அறையில், நானும் ஐமோவும் மட்டும். அங்கே உடம்பில் துணியும் இல்லை, பேச்சில் பந்தாவும் இல்லை. சொல்லிவிடலாம் என்று துணிந்தேன்.

"ஊருக்குப் போனதும் கண் டாக்டரைப் பாருங்க, ஐமோ."

"எதுக்கு?"

"அது மரக்கட்டை."

"தெரியும்."

"தெரியுமா?"

"காலையில என் மூச்சுக் காத்து பட்டு பைனாகுலர் கண்ணாடி வெள்ளையா உறைஞ்சுபோச்சு. முதல் தடவை பிடிக்கிற பயகூட அந்தத் தப்பைப் பண்ண மாட்டான். அது தெரியாம பனின்னு சொல்லிட்டேன். துடைச்சுட்டுப் பார்க்கிறேன், ஆந்தை இறக்கையை விரிச்சுக் காட்டுக்குள்ள போகுது. அவ சொன்னது சரி. நானும் பார்த்தேன். அதான் கட்டையைக் காட்டினேன். ஆக, பட்டியல்ல பொய் இல்லை. இடம்தான் தப்பு."

"அட, அவ சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

ஐமோ அடுப்பின் மேல் காய்ந்த கல்லில் இன்னொரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். ஆவியில் அவர் முகம் தெரியவில்லை.

"அத்தனை பேர் முன்னாடியா? அதுக்குப் பதிலா என்னைக் குருடன்னே நினைச்சுக்கட்டும்ப்பா."