அரிசி டப்பாவில் ரிமோட்

குரலை மறைக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு, உதவி எண்ணுக்கு அழைத்து உடம்பைப் பற்றிக் கேட்கும் பெண்களுக்குப் பதில் சொல்வது கல்லூரி மாணவி நிறைமதியின் மாலை வேலை. அழைப்பவளுக்கும் பெயர் கிடையாது. அவள் குரலையும் இயந்திரம் மாற்றிவிடுவதால், இரண்டு பக்கமும் ஒரே குரல்தான் கேட்கும்.

“ரெண்டு மாசமா ரத்தம் நிக்கவே இல்லக்கா,” என்றாள் ஒருத்தி.

“நாளைக்கே டாக்டரப் பாத்துரு. வீட்டுல யார்கிட்டயாவது சொன்னியா?”

“எனக்கு ஒரு அக்கா இருக்கா. போன ஞாயிறு நாப்கின் விளம்பரம் வந்ததும் டிவிய அணைச்சிட்டு, ரிமோட்ட அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சிட்டா. அவகிட்ட எப்படிச் சொல்ல?”

ஒளித்து வைத்தது நிறைமதிதான். ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டாலும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“அக்காகிட்டயே சொல்லிப் பாரேன்,” என்றாள்.

வீட்டுக்குப் போனதும் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமூடி இல்லாமல் அவளுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மறுநாள் மாலை தங்கை மறுபடியும் உதவி எண்ணுக்கு அழைத்தாள்.

“நேத்து சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அக்காவே வந்து பக்கத்துல உக்காந்தா. ஆனா என் முகத்தப் பாக்காம டிவியவே பாத்துக்கிட்டு இருந்தா. டிவி ஓடவே இல்லக்கா.”