கப்பலோடு போன நாவல்கள்

ஓர் எழுத்தாளர் வாழ்ந்த இடங்களைச் சுற்றிக்காட்டும் துறைமுக 'இலக்கிய நடை'க்கு வந்த கூட்டத்தில் ஒரு பேராசிரியரும் இருக்கிறார் என்று தெரிந்ததுமே வழிகாட்டி அவர் பக்கம் திரும்புவதைத் தவிர்த்தான்.

"இந்தக் கிடங்குத் தெருவுலதான் நம்ம எழுத்தாளர் தினமும் நடப்பார்" என்று ஆரம்பித்தான்.

"அவர் எழுதின நாவல் ஏதாவது இருக்கா?" பேராசிரியர் குறுக்கிட்டார்.

"எல்லாத்தையும் அச்சுக்கு அனுப்பினாரு சார். அதை ஏத்திட்டுப் போன கப்பல் மூழ்கிடுச்சு."

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"இல்ல சார்."

அதன்பின் பேராசிரியர் அவன் முகத்தையே பார்த்தபடி வந்தார்.

நடை எழுத்தாளரின் அறையில் முடிந்தது. மேசை, பேனா, 'தொடாதீர்கள்' என்ற அட்டை தொங்கும் நாற்காலி. எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு கூட்டம் கலைந்தது. பேராசிரியர் மட்டும் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. இப்படி ஒருத்தர் இருந்தாரா?"

வழிகாட்டி கையைக் கூப்பினான்.

"மன்னிச்சிடுங்க சார். இந்த ஊருக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்ல. லாட்ஜ்காரரும் நானும் சேர்ந்து கட்டிவிட்ட கதை. இந்த நாற்காலியே பழைய சாமான் கடையில வாங்கினதுதான்."

பேராசிரியரின் முகம் வெளுத்தது. தொடக்கூடாத நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெளியில சொல்லிடாதீங்க சார், புண்ணியமாப் போகும்."

"நானா? நீ வாயைத் திறக்காம இருப்பா. நான் டாக்டர் பட்டம் வாங்கினதே அவரோட நாவல்களை ஆராய்ச்சி பண்ணித்தான்."