சத்தமில்லாத விளம்பரம்

திரைச்சீலையை மூடியும் வகுப்பறைச் சுவரில் வெயில் ஒரு கோடு கிழிக்கிறது. விளம்பரங்கள் எப்படி ஆசைகாட்டுகின்றன என்ற பாடத்துக்காக, டீச்சர் பீர் விளம்பரம் ஒன்றைத் திரையில் சத்தமில்லாமல் ஓடவிடுகிறார். வரும் சனிக்கிழமை நண்பன் வீட்டில் முதன்முதலாகக் குடித்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கும் நெட்டையன், கடைசி பெஞ்சிலிருந்து கண்கொட்டாமல் பார்க்கிறான். பாட்டு இல்லாததால், கடற்கரையில் ஆடுகிறவர்கள் எறும்பு கடித்ததுபோலத் துள்ளுகிறார்கள். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. “மிஸ், பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க, ஒருத்தரும் ஒரு வாய்கூடக் குடிக்கலையே!” வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. “அப்ப எதைத்தான்டா விக்கிறாங்க?” என்கிறார் டீச்சர். “கூட்டாளிங்களையும் சிரிப்பையும் மிஸ். அதான் நமக்கு ஓசியிலயே கிடைக்குதே!” பக்கத்தில் இருக்கும் அந்த நண்பன் முழங்கையால் இடிக்கிறான். “அப்ப சனிக்கிழமை வரமாட்டியா?” “வரேன்டா. பாட்டிலை விடு, கேரம் போர்டை எடுத்து வை.” நண்பன் முறைக்கத்தான் பார்க்கிறான், முடியாமல் அவனும் சிரித்துவிடுகிறான்.