இருபதாம் இடம்

முதல் இடத்தில் கூட்ஸ் வண்டியை எழுதிவிட்டு, இரண்டாவதுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஐந்து மணிக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு புள்ளிகளை எண்ணுகிற பொறுப்பு அவனுடையது.

கூட்ஸ் வண்டி, பாட்டின் உண்மையான பெயர் அல்ல. நார்வேக்காரர்கள் ஐந்து பேர் போட்ட, கிடாரும் டிரம்ஸும் இடிக்கிற ப்ராக்ரசிவ் மெட்டல் பாட்டு அது. பத்தொன்பது நிமிடம் ஓடும். முடிந்தது என்று நினைக்கும்போது டிரம்ஸ் வேறொரு தாளத்தில் புறப்படும்.

முடியாமல் நீளும் ரயிலால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவனின் கடுப்போடு ஜெபஸ்டின் வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

இந்த இசைக்கு, ஊருக்கு ஒருவராக நான்கே ரசிகர்கள் கொண்ட போன் குழு அவர்களுடையது. நெய்வேலியில் அவன். வாணியம்பாடியில் ஹசீனா. தர்மபுரியில் பூபேஷ். தூத்துக்குடியில் ஜெபஸ்டின்.

வருடத்துக்கு ஒரு முறை நால்வரும் ஒரே இருபது பாட்டுகளைத் தனித்தனியாக வரிசைப்படுத்துவார்கள். முதல் இடத்துக்கு இருபது புள்ளி. இருபதாம் இடத்துக்கு ஒன்று. யாரும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. எண்ணுகிறவர் தன் பட்டியலை முடித்த பிறகே மற்றவர்களுடையதைத் திறக்கலாம்.

மற்ற மூன்று பேரும் கூட்ஸ் வண்டியை முதல் இடத்தில் தூக்கி வைப்பார்கள். ஜெபஸ்டின் ஒருவன் அதை இருபதில் தள்ளுவான். அந்த ஒருவனால் பாட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கும்.

ஒன்பது ஆண்டுகள். ஒன்பதிலும் இரண்டாம் இடம்.

"இருபத்தொண்ணாவது எடம் இல்லியாலே?" என்று வேறு கேட்பான்.

இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போடுவான். இரண்டு நாள் பேசாமல் இருப்பான். மூன்றாம் நாள் இவனே போன் செய்வான்.

பிப்ரவரியில் ஜெபஸ்டின் போய்விட்டான். உப்பளத்துச் சாலையில், பைக்கில்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், அவன் எண்ணிலிருந்தே அவன் தங்கை செய்தி அனுப்பினாள்.

இவன் ஆபீசில் சொன்னான். எப்படிப் பழக்கம் என்று கேட்டார்கள். போனில் என்றான். ஓ என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

வீட்டில் அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தான். இந்தப் பாட்டுகள் காதில் விழுந்தாலே அந்த மிக்ஸியை நிறுத்து என்கிறவரிடம் எங்கிருந்து தொடங்குவது? தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

துக்கத்துக்கும் ஓர் உறவுமுறை கேட்கிறார்கள். 

அவர்கள் நேரில் சந்தித்தது ஒரே ஒரு தடவை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நாற்பது நிமிடம். டீ குடித்தார்கள். ஓர் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, இன்று முழுசாகக் கேட்காமல் உன்னை விடமாட்டேன் என்று இவன் கூட்ஸ் வண்டியைப் போட்டான்.

நான்காவது நிமிடத்தில் ஜெபஸ்டின் தன் பக்கத்து இயர்போனைக் கழற்றி இவன் உள்ளங்கையில் வைத்தான்.

"பஸ் வந்துட்டு மக்கா."

எந்த பஸ்ஸும் வரவில்லை.

இந்த ஆண்டு தடுக்க ஆள் இல்லை. மூன்று பேரும் வழக்கம்போல எழுதினால் போதும், கூட்ஸ் வண்டிதான் முதல். ஒன்பது ஆண்டாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது.

அவனுக்கு அது வேண்டாமாக இருந்தது. எதிரில் ஆள் இல்லாத களத்தில் கப்பை எடுத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது?

முதல் இடத்தை அழித்தான்.

இருபதாம் இடத்தில் கூட்ஸ் வண்டி என்று எழுதினான். மற்ற இருவரும் எப்படியும் தூக்கி வைப்பார்கள். இவன் ஜெபஸ்டினின் வேலையைப் பார்த்தால் போதும். பாட்டு வழக்கம்போல இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். அவன் இருந்த மாதிரியே இருக்கும்.

பட்டியலை முடித்தான். ஹசீனாவுடையதைத் திறந்தான்.

இருபதாவது, கூட்ஸ் வண்டி.

அவசரமாக பூபேஷின் பட்டியலைத் திறந்தான்.

இருபதாவது, கூட்ஸ் வண்டி.

கூட்டினான். மூன்று புள்ளி. சொல்லிவைத்தாற்போல மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஜெபஸ்டினாகிவிட்டிருந்தார்கள்.

ஒன்பது ஆண்டு தலைகீழாக நின்றும் ஜெபஸ்டினால் முடியாதது. பாட்டு கடைசி.

வாய்விட்டுச் சிரித்தான். ஹாலிலிருந்து அண்ணி, என்ன தம்பி என்றார். ஒன்றுமில்லை அண்ணி என்றான். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

முடிவை அப்படியே குழுவில் போட்டான்.  ஹசீனா ஐந்து மணி என்று மட்டும் எழுதினாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வந்த பாட்டை ஒதுக்கிவிடக் கூடாது. குழு அழைப்பில் எல்லோரும் சேர்ந்து, ஒரே நொடியில் தொடங்கி, முழுசாகக் கேட்க வேண்டும். முடியும் வரை பேச்சு கிடையாது.

ஐந்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். பூபேஷ் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினான்.

கூட்ஸ் வண்டி கிளம்பியது.

கிடார் வந்தது. டிரம்ஸ் வந்தது. முதல் தாளம் மாறியது. தர்மபுரியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நான்காவது நிமிடம் வந்தபோது, அவன் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

மீதிப் பதினைந்து நிமிடத்தையும் ஒரு காதால்தான் கேட்டான்.