ஒதுங்காதவர்கள்

"உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு? அவங்க பாட்டு ஓடுறது காதுல விழல?"

கத்தினது நான்தான். மெலின் பனித்தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள். பக்கத்தில் லூடிவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

ஐஸ் டான்ஸ் என்கிற பனிச்சறுக்கு நடனத்தில் பயிற்சி நேரத்துக்கு ஒரே சட்டம்தான். எல்லா ஜோடியும் ஒரே தரையில் ஆடும். ஆனால் யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ, வழி அவர்களுக்கு. மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். மோதினால் ஒதுங்காதவர்கள் மேல்தான் தப்பு. யாரும் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

ஒலித்தது லூடிவின், பஸ்தியான் ஜோடியின் பாட்டு. பல வருஷமாக பிரான்ஸின் சாம்பியன்கள். மெலினும் யோவானும் நேற்று முளைத்த பிள்ளைகள். ஆனால் இந்த சீசனில் நடுவர்களின் மனசு மெல்ல அந்தப் பிள்ளைகள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் முதல் சுற்றில் அவர்கள்தான் முன்னால்.

அப்புறம் கேட்கவா வேண்டும்?

"வேணும்னே இடிச்சிருக்குதுங்க," என்றார் எங்கள் கோச் கோலெத். "ஜெயிக்கணும்னா இப்படியுமா செய்வாங்க?"

க்ரெனோபிள் அரங்கம் முழுக்க அதே பேச்சு.

நான் லூடிவினின் பிசியோ. அறையில் அவள் காலுக்குக் கட்டுப் போட்டேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. வீக்கமும் அதிகமில்லை.

"இறுக்கிக் கட்டினா சாயங்காலம் ஆட முடியுமா?" பஸ்தியான் என்னைத்தான் கேட்டான்.

லூடிவின் முந்திக்கொண்டாள். "வேண்டாம். விலகிக்கிறோம்னு சொல்லிடுங்க."

பாவம் பஸ்தியான், க்ரெனோபிள் அவன் பிறந்து வளர்ந்த ஊர். இதுதான் என் கடைசி ஆட்டம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவன் அப்பா முதல் வரிசையில் சீட்டு வாங்கி, காலையிலிருந்தே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

கதவைத் தட்டிவிட்டு மெலின் வந்தாள். அவள் பின்னாலேயே நிருபர்கள், கேமராவோடு.

"நான் ஒதுங்கிட்டேன்னுதான் நெனச்சேன். எப்படி மோதினேன்னே தெரியல. மன்னிச்சிடுங்க."

லூடிவின் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அழாத. சின்னப் பொண்ணு நீ, ஏதோ தெரியாம நடந்துபோச்சு. எனக்கு உன் மேல கோபமே இல்ல. போய் நல்லா ஆடு."

ஒரு நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பியன் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மெலினும் யோவானும் ஒரு பிசகு இல்லாமல் ஆடினார்கள். ஜெயித்தார்கள். கூட்டம் கைதட்டவில்லை, விசிலடித்துக் கேலி செய்தது. தங்கப் பதக்கம் கழுத்தில் விழுந்தபோது அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

அடுத்து லூடிவின் ஊன்றுகோலோடு மெதுவாக வந்து கையசைத்தாள். அரங்கமே எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அறைக்குத் திரும்பியதும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா பஸ்தியான்? ரெண்டாவதா வந்திருந்தா இந்தக் கைதட்டல் கிடைச்சிருக்குமா? நம்மள தோக்கடிச்சோம்னு இனிமே எவனும் சொல்ல முடியாது."

நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஸ்தியான் காலையில் கட்டிய ஸ்கேட் ஷூவின் கயிற்றை அப்போதுதான் அவிழ்த்தான்.

"அப்பாவை இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பிட்டு வந்தேன்," என்றான். "அந்த மெலினை நாலு திட்டு திட்டிட்டுத்தான் போனார்."

"திட்ட மாட்டாரா பின்ன? வழி நமக்குத்தானே?"

"மோதின இடத்துல, நம்ம ஆட்டப்படி, நாம இடது பக்கம் திரும்பணும், லூடிவின்."

"அதுக்கென்ன இப்போ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஊருக்குத் தெரியாம இருக்கலாம். உன் கை என் கையிலதானே இருந்துச்சு? அவங்க ஒதுங்கித்தான் போனாங்க. என்னை அவங்க பக்கம் இழுத்தது நீ."