மூன்று மிதி

தணிகைவேலின் பழைய காரில் பிரேக் பெடல் படாதபாடு பட்டது. பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துபோனதால் ஒரே மிதியில் வண்டி நிற்காது. மூன்று முறை மிதிக்க வேண்டும். போன வாரம் மூடியிருந்த ரயில்வே கேட்டில் மோதாமல் மயிரிழையில் தப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே புது சிலிண்டரை மாட்டினார். அவர் மனைவி பெடலை மிதித்துக் கொடுக்க, பிரேக் ஆயில் குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார். கழற்றிய பழைய சிலிண்டர் பக்கத்தில் பேப்பர்மேல் கிடந்தது.

பிறகு வண்டியை மெல்ல நகர்த்தி பிரேக் போட்டார். ஒரே மிதியில் கல் மாதிரி நின்றது. ஆனாலும் அவர் கால் இன்னும் இரண்டு முறை மிதித்தது.

"அதான் நிறுத்திட்டேனே! இன்னும் எதுக்கு மிதிக்கிறார்?" என்று சிடுசிடுத்தது புது சிலிண்டர்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ தம்பி. அந்தக் கால் ரொம்பப் பயந்திருக்கு" என்றது பெடல்.

அதற்குள் பேப்பர்மேலிருந்து பழைய சிலிண்டர் பூரிப்போடு குரல் கொடுத்தது. "பார்த்தியா, அதே மூணு மிதி! என்னை இன்னும் மறக்கலை பாரு."

பெடலுக்குப் பாவமாக இருந்தது.

"உன்னை எப்படிண்ணே மறப்பார்?" என்றது.